தகுதியும் வாய்ப்பும்: இந்தியக் கிரிக்கெட் அணித் தேர்வு குறித்துச் சில சிந்தனைகள்

தமிழ்த்துறை மலரில் கிரிக்கெட்டைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் காஞ்சி மாநகரின் தெருக்களையும் பாலாற்று மணற்பரப்பையும் மாலை வேளைகளில் காண்போர், நம் இளைஞர் உள்ளத்தில் இவ்விளையாட்டு பெற்றுள்ள இடத்தை மறுக்கமாட்டார்கள். இதனைக் குறித்துப் பெற்றோர் கேட்கும் வினா, ‘இது சோறு போடுமா?’ என்பதாகும். ஆசிரியர் கேட்கும் வினா, ‘படிப்பு என்னாவது?’ என்பதாகும். மாணவன் கேட்கும் வினாவோ வேறு: ‘திறமை இருந்தால் இந்திய அணியில் இடம் கிடைக்குமா?’

இம்மூன்றாம் வினாவிற்கு நேர்மையான விடை தெரிந்தால், முன்னிரண்டிற்கும் விடை காண்பது எளிதாகும். உள்நாட்டுப் போட்டிகளில் ஒளிவீசும் வீரர்களுள் யார் நாட்டணிக்குச் செல்கின்றனர், யார் வாயிலில் நின்றுவிடுகின்றனர், அதற்குரிய காரணங்கள் யாவை என்பவற்றை வரலாற்றுச் சான்றுகளோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயரால் அமைந்த அணிகள்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928ஆம் ஆண்டு தோன்றியது. அதற்கு முன்னரும், பின்னர்ச் சில காலமும், நாட்டின் பெரும் போட்டியாகப் பம்பாயில் நடைபெற்று வந்தது சமய அடிப்படையிலான போட்டியாகும். 1912 முதல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என நான்கு அணிகளும், 1937 முதல் ‘ஏனையோர்’ என்னும் ஐந்தாம் அணியும் அதில் மோதின. விளையாட்டில் சமயப் பிரிவு கூடாதெனக் காந்தியடிகள் 1940இல் கருத்துரைத்தார். 1946ஆம் ஆண்டுடன் அப்போட்டி முடிவுற்றது.

இதற்கு மாற்றாக வளர்ந்ததே ரஞ்சிக் கோப்பைப் போட்டி. இதில் அணிக்குப் பெயர் தருவது சமயமன்று, வாழும் நிலப்பகுதியே. ஒருவன் தொழும் இடம் யாது என்று கேளாது, அவன் எவ்வூரான், எத்தனை ஓட்டம் எடுத்தான், எத்தனை விக்கெட் வீழ்த்தினான் என்று மட்டுமே கேட்கும் முறை இது. இன்றைய இருபது ஓவர் உள்நாட்டுக் கோப்பை, அயல்மண்ணில் டெஸ்ட் சதமடித்த முதல் இந்தியரான சையது முஷ்டாக் அலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சதம் 1936இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் எடுக்கப்பட்டது. தகுதி ஒன்றே அளவுகோல் எனக் கொள்ளும்போது சிறுபான்மையினர்க்கும் வாயில் திறக்கும் என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது என்பது பெருமைக்குரிய செய்தியாகும். 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சென்னையின் இராம் சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் அவர் அதிகாரபூர்வ டெஸ்ட் ஆட்டம் ஒன்றிலேனும் இந்தியாவிற்காக ஆடியதில்லை. அப்பேறு அவருடைய மைந்தர்களாகிய கிருபால் சிங்கிற்கும் மில்கா சிங்கிற்கும் கிடைத்தது. உள்நாட்டுப் போட்டி பிறந்த நாளிலேயே, வாயிலில் நின்றுவிட்டவரின் வரலாறும் பிறந்துவிட்டது எனலாம்.

ஏறவேண்டிய படிகள்

ஓர் இளைஞன் நாட்டணியை எட்டுவதற்குக் கடக்கவேண்டிய படிகள் பல. பள்ளி, மாவட்டம் ஆகியவற்றைக் கடந்து, மாநிலத்தின் வயதுவாரி அணிகளில் இடம்பெற வேண்டும். 16 வயதிற்குட்பட்டோர்க்கு விஜய் மெர்ச்சண்ட் கோப்பை, 19 வயதிற்குட்பட்டோர்க்குக் கூச் பெஹார் கோப்பை, 23 வயதிற்குட்பட்டோர்க்குச் சி. கே. நாயுடு கோப்பை என அகில இந்தியப் போட்டிகள் உள்ளன. தமிழ்நாட்டில் இவற்றோடு சென்னை லீக் போட்டிகளும் இன்றியமையாதவை. கீழ்ப் பிரிவு அணியொன்றில் தொடங்கி, முதற்பிரிவாகிய பாளையம்பட்டி ராஜா கேடயப் போட்டி வரை உயர்ந்தவர்களிலிருந்தே மாநில அணி பெரிதும் அமைந்து வந்திருக்கிறது. 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் இருபது ஓவர் போட்டியும் மற்றொரு படியாயிற்று.

இனி எண்ணிக்கையை நோக்குவோம். ரஞ்சிக் கோப்பையில் 38 அணிகள் ஆடுகின்றன. அணிக்குப் பதினைந்து பேர் எனக் கொண்டாலும் 570 வீரர்கள். இவர்கள் ஒவ்வொருவரும் தம் மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோரை வென்று வந்தவர்கள். ஆனால் நாட்டணியில் களமிறங்குவோர் பதினொருவரே. அப்பதினொரு இடங்களும் ஆண்டுதோறும் காலியாவனவும் அல்ல. பத்தாண்டு, பதினைந்தாண்டு ஒருவரே ஓர் இடத்தில் நிலைத்திருத்தல் உண்டு. ஆகவே ஓராண்டில் உண்மையில் திறக்கும் வாயில்கள் இரண்டோ மூன்றோதான்.

பள்ளித் தேர்விலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே. தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் அனைவரும் தேறுவர். ஒருவர் தேறுவது மற்றவரைத் தடுப்பதில்லை. அணித் தேர்விலோ ‘நல்லவர் யார்?’ என்பது முதல் வினாவே அன்றி முடிந்த வினா அன்று. ‘இப்போது எந்த இடம் காலி? அவ்விடத்திற்குப் பொருந்துபவர் யார்?’ என்பதே முடிவு செய்யும் வினாவாகும்.

வாயிலில் நின்ற பெருமக்கள்

இவ்வுண்மையை விளக்க ராஜிந்தர் கோயலை விடச் சிறந்த சான்றில்லை. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகிய இவர் முதல்தர ஆட்டங்களில் 750 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ரஞ்சிக் கோப்பை வரலாற்றில் மிகுதியான விக்கெட்டுகள் இவருடையனவே. ஆனால் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடியதில்லை. 1974இல் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஆட்டத்திற்கு அழைக்கப்பட்டும், களமிறங்கும் பதினொருவரில் இடம்பெறவில்லை. பம்பாயின் பத்மாகர் சிவல்கர் 589 விக்கெட்டுகள் வீழ்த்தியும் அதே நிலையில் நின்றார். இவ்விருவர் காலமும் பிஷன் சிங் பேடியின் காலமாக அமைந்ததே காரணம். ஒரே வகை வீச்சாளர் மூவர், இடம் ஒன்று. மற்ற இருவரிடமும் குறையொன்றும் இல்லை. 2017இல் வாரியம் இவ்விருவர்க்கும் வாழ்நாள் சாதனை விருதளித்துப் பெருமை செய்தது. கோயல் 2020லும் சிவல்கர் 2025லும் மறைந்தனர்.

நம் தமிழகத்திலும் சான்றுகள் உண்டு. சுழற்பந்து வீச்சாளர் வி. வி. குமார், 1961ஆம் ஆண்டு தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடிய தம் முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள் எடுத்த இவருக்குக் கிடைத்தவை இரண்டே டெஸ்டுகள். 1987-88ஆம் பருவத்தில் தமிழ்நாட்டிற்கு ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த தலைவர் எஸ். வாசுதேவன் இந்தியாவிற்காக ஆடவே இல்லை. அண்மைக் காலத்தில் எஸ். பத்ரிநாத் முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரத்திற்கு மேல் ஓட்டங்கள் குவித்தார். சராசரி ஐம்பதைத் தாண்டும். ஆனால் அவர் காலத்து இந்திய நடுவரிசையில் திராவிட், டெண்டுல்கர், லட்சுமண், கங்குலி என்னும் நால்வர் நின்றனர். 2010 பிப்ரவரியில் நாக்பூரில் முதல் வாய்ப்புப் பெற்றபோது பத்ரிநாத்திற்கு வயது 29. அவ்வாட்டத்தில் அவர் 56 ஓட்டங்கள் எடுத்தார். எனினும் இரண்டு டெஸ்டுகளோடு அவ்வாயில் மூடிக்கொண்டது.

பம்பாயின் அமோல் முசும்தார் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. 1994இல் தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள் எடுத்தவர். முதல்தர ஆட்டங்களில் 11,000க்கு மேல் ஓட்டங்கள் சேர்த்தவர். இந்தியாவிற்காக ஒருமுறையும் ஆடாதவர். ஆனால் 2025 நவம்பர் 2ஆம் நாள் இந்திய மகளிர் அணி தன் முதல் உலகக் கோப்பையை வென்றபோது, அவ்வணியின் பயிற்சியாளராக நின்றவர் அவரே. கற்ற கல்வி ஒருபோதும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காலம் கனிதல்

திறமையோடு காலமும் கூடவேண்டும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று போதும். அவ்வாண்டு நவம்பரில் நாசிக் நகரில் மகாராஷ்டிரத்திற்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில், தமிழ்நாட்டின் தொடக்க மட்டையாளர்கள் முரளி விஜயும் அபினவ் முகுந்தும் இணைந்து 462 ஓட்டங்கள் குவித்தனர். விஜய் 243, முகுந்த் ஆட்டமிழக்காமல் 300. அந்நேரத்தில் கௌதம் கம்பீருக்கு ஓர் ஆட்டத் தடை விதிக்கப்பட்டிருந்ததால், ஆஸ்திரேலியாவிற்கு எதிரான நாக்பூர் டெஸ்டிற்கு ஒரு தொடக்க ஆட்டக்காரர் தேவைப்பட்டார். ரஞ்சி ஆட்டம் முடியுமுன்னரே விஜய் அழைக்கப்பட்டார். மறுமுனையில் முந்நூறு அடித்த முகுந்த், டெஸ்ட் வாய்ப்பிற்கு 2011 வரை காத்திருந்தார். ஒரே களம், ஒரே இணை. ஆயினும் அழைப்பு ஒருவருக்கே.

கருண் நாயர் 2016 டிசம்பரில் நம் சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த ஆண்டே அணியிலிருந்து நீங்கினார். மீண்டும் டெஸ்ட் ஆட 2025 ஜூன் வரை, எட்டாண்டுகள் காத்திருந்தார். இடையில் விதர்பா மாநில அணிக்குச் சென்று, 2024-25 ரஞ்சிப் பருவத்தில் 863 ஓட்டங்கள் குவித்த பின்னரே அவ்வழைப்பு வந்தது. அவர் திரும்பிய அதே லீட்ஸ் ஆட்டத்தில்தான் தமிழ்நாட்டு இளைஞர் சாய் சுதர்சன் தம் முதல் டெஸ்டை ஆடினார். மும்பையின் சர்பராஸ் கான் 2019-20இல் 928 ஓட்டங்களும் 2021-22இல் 982 ஓட்டங்களும் எடுத்தார். எனினும் 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில்தான் அவருக்கு முதல் வாய்ப்பு வந்தது. இரு இன்னிங்சிலும் அரைச்சதம் அடித்தார். அதே ஆண்டு பெங்களூரில் நியூசிலாந்திற்கு எதிராக 150 ஓட்டங்கள் எடுத்தார். இருந்தும் 2025 இங்கிலாந்துப் பயணத்திற்கான அணியில் அவர் பெயர் இல்லை. வாயிலுக்குள் புகுவது ஒரு போராட்டம். உள்ளே நிலைப்பது மற்றொரு போராட்டம்.

நெசவாளர் மகன் கண்ட வழி

காஞ்சிபுரத்து இளைஞர் தம் நெஞ்சிற்கு நெருக்கமாகக் கொள்ளத்தக்கது, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜனின் வரலாறாகும். தந்தை நெசவுத் தொழிலாளி. தாய் சாலையோரம் உணவுக்கடை நடத்தியவர். ஏறத்தாழ இருபது வயது வரை டென்னிஸ் பந்திலேயே ஆடி வந்த நடராஜன், பின்னர்ச் சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவில் தொடங்கி உயர்ந்து, 2015 ஜனவரியில் ரஞ்சி அணியில் இடம்பெற்றார். முதல் ஆட்டத்தின் பின்னரே அவருடைய பந்துவீச்சு முறை விதிக்குட்பட்டதா என்னும் ஐயம் எழுப்பப்பட்டது. பலரும் அங்கேயே மனமுடைந்திருப்பர். அவரோ தம் வீச்சு முறையையே திருத்தியமைத்துக்கொண்டு மீண்டு வந்தார்.

2020ஆம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவிற்கு அவர் சென்றது, பயிற்சி வலையில் பந்து வீசுவதற்காகவே. ஒருவர் பின் ஒருவராக வீரர்கள் காயமுற, ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூவகை ஆட்டங்களிலும் அதே பயணத்தில் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினார். அதே ஆட்டத்தில் அறிமுகமான மற்றொரு தமிழர் வாஷிங்டன் சுந்தரும் மூன்று விக்கெட்டுகளோடு 62 ஓட்டங்களும் எடுத்தார். இந்தியா வரலாற்று வெற்றி பெற்றது. நடராஜனுக்கு அதன்பின் டெஸ்ட் வாய்ப்பு அமையவில்லை. ஆயினும் 2023இல் தம் சிற்றூரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் திறந்து, தமக்குப் பின் வருவோர்க்கு வழி அமைத்தார். தனக்குக் கிடைத்த வாயிலைப் பிறர்க்கும் திறந்து வைப்பதே உண்மையான வெற்றி எனலாம்.

இவ்வழியில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் ஐ.பி.எல். போட்டியும் பங்காற்றியுள்ளன. கட்டடக்கலை பயின்ற வருண் சக்கரவர்த்தியை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தவை அவையே. எனினும் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நான்கு நாள் ஆட்டத்தில் பொறுமையோடு பெற்ற தேர்ச்சியும், நான்கு ஓவரில் காட்டும் திறமும் ஒன்றல்ல. என். ஜெகதீசன் 2022 நவம்பரில் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்து, அவற்றுள் ஒன்றில் 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் டெஸ்ட் அணிக்கு அவர் முதன்முதல் அழைக்கப்பட்டது 2025 ஜூலையில், ரிஷப் பந்த் காலில் அடிபட்டபோதுதான். அப்போதும் அவ்வாட்டத்தில் களமிறங்கவில்லை.

உத்திரமேரூர் கற்பிக்கும் பாடம்

தேர்வு என்றவுடன் நம் மாவட்டத்து உத்திரமேரூரை நினையாமல் இருக்க இயலாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆண்டுகளில், அவ்வூர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் கோயில் சுவரில் பொறிக்கப்பட்டன. வயது 35க்கு மேல் 70க்குள், வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இராமை, கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் இடமின்மை. இத்தகுதிகள் நிரம்பியோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அது பிராமணர்க்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. எல்லார்க்கும் உரிய மக்களாட்சி அன்று என்பதை மறத்தலாகாது. எனினும் இரண்டு உண்மைகள் அங்கே விளங்குகின்றன. முதலாவது, தகுதியை முன்னே வரையறுத்தல். அதற்குப் பின்னரே வாய்ப்பிற்கு இடம். இரண்டாவது, விதியை யாவரும் காணுமாறு சுவரில் பொறித்தல்.

இன்று இந்திய அணியைத் தேர்வோர்க்கும் தகுதிகள் எழுதப்பட்டுள்ளன. ஏழு டெஸ்டுகள் அல்லது முப்பது முதல்தர ஆட்டங்கள், இல்லையேல் பத்து ஒருநாள் ஆட்டங்களோடு இருபது முதல்தர ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கிரிக்கெட் குழுக்களில் மொத்தம் ஐந்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றலாகாது. இவை போற்றத்தக்க விதிகளே. ஆனால் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்குரிய அளவுகோல் அத்துணைத் தெளிவாக எழுதப்படவில்லை. ஆட்டத்தின் இயல்பு, ஆடுகளத்தின் தன்மை, அணியின் தேவை ஆகியன மாறிக்கொண்டே இருப்பதால் முற்றிலும் எழுதிவிடவும் இயலாது. எழுத இயலாத அளவுகோலுக்கு ஈடாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது, விலக்கப்பட்டவனிடம் காரணத்தை எடுத்துரைத்தல். எதனைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றறிந்தவன் உழைப்பான். அறியாதவன் உள்ளம் புழுங்குவான். பொறுப்பை அதற்குரியவரிடம் ஒப்படைத்தல் ஓர் அமானிதம் என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் நெறி. தேர்வாளர் கையிலுள்ள பேனாவும் அத்தகைய அமானிதமே. கல்லூரி அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு வருவோம். திறமை இருந்தால் இந்திய அணியில் இடம் உறுதியா? உறுதி இல்லை. திறமை வாயில் வரை கொண்டு சேர்க்கும், திறப்பது காலம்.

இது சோறு போடுமா? முற்காலத்தில் மாநில வீரர்கள் வங்கியிலோ இரயில்வேயிலோ நிறுவனங்களிலோ பணிபெற்று வாழ்ந்தனர். இன்று ஆட்டமே ஊதியம் தருகிறது. 2021இல் வாரியம் அறிவித்தபடி, களமிறங்கும் ரஞ்சி வீரர், தாம் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைக்கேற்ப நாளொன்றுக்கு 40,000 ரூபாய் முதல் 60,000 ரூபாய் வரை பெறுகிறார். ஆனால் இது மாநில அணியை எட்டிய சிலர்க்கே. அதற்குக் கீழுள்ள பல்லாயிரவர்க்குக் காலணியும் மட்டையும் பயணச் செலவும் பெற்றோர் கைப்பொருளே. தறிக்கூலியை நம்பி வாழும் இல்லத்திற்கு அது எளிய சுமையன்று.

படிப்பு என்னாவது? இங்கேதான் நாம் உறுதியாக ஒன்றைக் கூற விரும்புகிறோம். வாயில் திறவாமற் போகலாம் என்பது உண்மையாயின், கையில் மற்றொரு கல்வி இருத்தல் வேண்டும். மாலையில் மைதானம், காலையில் வகுப்பறை என இரண்டையும் காப்பதே அறிவுடைமை. அதற்குக் கல்லூரியும் துணைநிற்க வேண்டும். போட்டிக்குச் சென்ற மாணவனுக்கு விடுபட்ட பாடத்தை மீண்டும் கற்பிக்க நாம் தயங்கலாகாது. சமுதாயப் பெரியோரும் கல்வி உதவித்தொகையோடு விளையாட்டு உதவியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

காஞ்சிப் பட்டில் கோர்வை நெசவு என ஒன்றுண்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறம். இரண்டும் இழைக்கு இழை பூட்டி நிற்கும். காண்போர் கண் முதலில் கரையின் சரிகையிலேயே படியும். ஆனால் உடல் உறுதியாக இல்லையேல் கரை நிற்பதற்கு இடமில்லை. இந்திய அணியின் பதினொருவர் அச்சரிகைக் கரை எனில், மாநில அணிகளில் ஆண்டுக்கணக்காக ஆடும் நூற்றுக்கணக்கானோரே உடல். கோயலும் குமாரும் வாசுதேவனும் பத்ரிநாத்தும் இல்லையேல், அவர்களை எதிர்த்தாடித் தேர்ந்த பெருவீரர்களும் உருவாகியிருக்க மாட்டார்கள். தேர்ந்தெடுக்கப்படாதவனைத் தோற்றவன் எனக் கருதும் வழக்கம் நம்மிடமிருந்து நீங்குமாயின், நம் இளைஞர் அச்சமின்றி ஆடுவர்; பெற்றோரும் அச்சமின்றி அனுப்புவர்.